வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் கிராணி, உறவினர் கேட்டால் எதுவரை சொல்லலாம்?

ஜார்ஜ்டவுன் கிராணி எழுதியது:

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கிறேன். லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத தமிழர் யாராவது வந்தால், கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு வழக்கறிஞரின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன், அவர் கேட்பதைத் தமிழில் கேட்பேன். பெற்ற பிள்ளைக்கும் கட்டிய மனைவிக்கும் தெரியாத விஷயங்கள் என் காது வழியாகப் போகின்றன.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். (அவருடைய ஊர், முன்பு பார்த்த வேலை, வந்த காரியம் பற்றிய வரிகள் நீக்கப்பட்டன.) அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. என்னைப் பார்த்ததும் தயங்கினார். மொழிபெயர்க்க வேறு ஆளை ஏற்பாடு செய்யட்டுமா என்று வழக்கறிஞர் கேட்டார். பெரியவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம், இந்தப் பிள்ளையே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்பது இங்கே வேண்டாம்.

இப்போது அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் எங்கள் படியேறியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மூத்த மகன் முதலில் என் அம்மாவிடம் வந்து பேசினார், பிறகு என்னிடமே கேட்டார். சின்ன வயதிலிருந்து அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். "உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை தங்கச்சி. அப்பா உயில் எழுதினாரா, இல்லையா? தலையை ஆட்டினால் போதும்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டுப் போனாரோ என்று அன்றிலிருந்து மனம் அடித்துக்கொள்கிறது.

அம்மாவுக்கு என்மேல் கோபம். "இது என்ன கோர்ட்டா? நாளைக்கு அந்த வீட்டில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் நீதானே பாவம் சுமப்பாய்" என்கிறார். வழக்கறிஞரிடம் சொன்னேன். "எதுவும் பேசாதே" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். காரணம் தெரியாமல் எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது?

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நான் வழக்கறிஞர் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். சட்டம் என்னையும் கட்டுப்படுத்துகிறதா? உயில் இருக்கிறதா என்பதுகூட இரகசியமா? அந்தப் பெரியவர் காலமாகிவிட்டால் என் கடமை முடிந்துவிடுமா?

பிறை வாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாது என்பது என் எண்ணம். என் சித்தப்பா இறந்தபோது எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அலமாரி, மெத்தையடி, சாமி அறை என்று வீடு முழுக்கத் தேடினோம். "இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் அந்த வேதனை இருந்திருக்காது. என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். இருக்கிறது, இல்லை என்று சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

தங்கச்சி, நான் கோலாலம்பூரில் லெபோ அம்பாங் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணி ஓய்வு பெறும் வரை கிராணியாக இருந்தவன். நீ கேட்டிருப்பதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் ஒரு வேலை. உன் பதிவில் பெரியவரின் ஊரையும், பார்த்த வேலையையும், எதற்காக வந்தார் என்பதையும் எழுதியிருக்கிறாய். உடனே எடுத்துவிடு. பெயரை மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பினாங்குத் தமிழர் மத்தியில் ஊரையும் வேலையையும் சொன்னால் மூன்றாவது ஆள் பெயரைச் சொல்லிவிடுவான். (எடுத்துவிட்டாய் என்று இப்போது பார்க்கிறேன். நல்லது.)

சட்டம் உன்னைக் கட்டுப்படுத்துகிறதா என்றால், ஆம், பேர் சொல்லியே கட்டுப்படுத்துகிறது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126 வழக்கறிஞருக்கானது. தன்னிடம் கட்சிக்காரர் தொழில் நிமித்தமாகச் சொன்னதையும், காட்டிய பத்திரத்தில் இருந்ததையும், தான் கொடுத்த ஆலோசனையையும், கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதம் தராமல் அவர் எந்தக் காலத்திலும் வெளியிட அனுமதியில்லை. அடுத்ததாக வரும் பிரிவு 127 ஒரே வரிதான். மேலே சொன்னதெல்லாம் வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளருக்கும் கிராணிக்கும் பணியாளருக்கும் பொருந்தும் என்கிறது. நீ மொழிபெயர்ப்பாளர், கிராணி என்று இரண்டு வகையிலும் அதற்குள் வருகிறாய். தேநீர் கொண்டுவந்து வைக்கும் பையனும் வருகிறான். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் ஐயா அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, "இது உன்னுடைய பிரிவு, படித்துக்கொள்" என்றார். உன் வழக்கறிஞரும் அப்படிச் செய்திருக்க வேண்டும். "பேசாதே" என்று மட்டும் சொன்னால், பேசாதவருக்கு அது முதலாளியின் கட்டளையாகத்தான் தெரியும். அது கட்சிக்காரரின் உரிமையைக் காப்பது என்பது தெரியாது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. பிறை வாசி ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் "இருக்கிறது, இல்லை" என்ற அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

நீதிமன்றங்கள் 2007-இல் ஜாலான் டூத்தா வளாகத்துக்குப் போவதற்கு முன்பு, உயர் நீதிமன்றம் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் இருந்தது. லெபோ அம்பாங்கிலிருந்து கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போவோம். செட்டியார் கிட்டங்கிகள் நிறைந்த தெரு அது. கடன் கொடுத்தவர், வாங்கியவர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் எல்லாரும் காலையில் ஒரே கடையில்தான் தோசை சாப்பிடுவார்கள். ஒருவர் வீட்டுக் கெரானை, அதாவது நிலப் பட்டாவை, செய்தித்தாளில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறுவார். அவர் ஏறியதைத் தெருவில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலை என் இலைக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி வந்து உட்காருவார். "அண்ணன் நேற்று உங்கள் ஆபீசுக்கு வந்தாராமே?"

எங்கள் ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றே ஒன்று. "ஆபீஸ் காரியத்தை நான் வெளியில் பேசுவதில்லை." வந்தவரைப் பற்றிக் கேட்டாலும் அதுதான், வராதவரைப் பற்றிக் கேட்டாலும் அதுதான். இரண்டாவது பாதிதான் கடினம். வராதவரைப் பற்றிக் கேட்கும்போது "ஐயோ, அவர் வரவே இல்லையே" என்று வாயில் தானாக வந்துவிடும். சொல்வதில் பொய்யில்லை, கெடுதலும் இல்லைபோலத் தோன்றும். ஆனால் அப்படி ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த வாரம் இன்னொருவரைப் பற்றிக் கேட்கும்போது நீ மௌனமாக இருப்பதே "வந்தார்" என்று சொன்னதாகிவிடும். இல்லாததை இல்லை என்று சொல்லும் வழக்கம் இருக்கும் இடத்தில் எதையும் மறைக்க முடியாது. அதனால்தான் எல்லாருக்கும், எல்லா நாளும், ஒரே வாக்கியம்.

உன் முகத்தை அந்த அண்ணன் படித்திருப்பாரோ என்று வருந்துகிறாயே, அதற்கும் இதுதான் மருந்து. ஒன்றும் சொல்லாமல் நின்றால் முகம் பேசும். வாயில் தயாராக ஒரு வாக்கியம் இருந்தால் முகத்துக்கு வேலை இருக்காது. உன் அம்மாவிடமும் அதே வாக்கியம், தம்பி தங்கையிடமும் அதே வாக்கியம். சொல்லும்போது தலை குனிய வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். நீ யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

இன்னொன்று. பெரியவர் உன்னைப் பார்த்துத் தயங்கினார், பிறகு நீயே இருக்கட்டும் என்றார் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உறவுக்காரப் பெண் என்று தெரிந்துதான் உன்னை ஏற்றார். உன் அண்ணனிடம் நீ சொல்ல வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சொல்லலாம் என்று நினைத்திருந்தால் அவரே மகனைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர். நீயோ, உன் அம்மாவோ, உன் வழக்கறிஞரோ இல்லை.

ஜார்ஜ்டவுன் கிராணி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பிரிவு 127 பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்று மதியம் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னதுபோல ஒரே வரிதான்.

இன்னும் ஒரு சந்தேகம். அலுவலகத்தில் எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போயிருக்கும்போது ஒரு பத்திரம் வேண்டுமென்றால் யாராவது அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். வேலையை விட்டுப் போனவர்கள் இருவர் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். இதுவும் தவறுதானே? அப்புறம், பெரியவர் காலமானால் என்ன ஆகும் என்பதையும், ஒரு கட்சிக்காரர் தப்பான காரியத்துக்காக எங்களிடம் வந்தாலும் இதே விதியா என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

கோலாலம்பூர் வழக்கறிஞர் எழுதியது:

நான் பங்சாரில் தொழில் செய்கிறேன். மேலே கிராணி ஐயா எழுதியிருப்பதை எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டப்போகிறேன். சட்டப் பக்கத்தில் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

இதில் இரண்டு கடமைகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "இது என்ன கோர்ட்டா" என்ற கேள்வி வருகிறது. பிரிவு 126 சாட்சியச் சட்டத்தில் இருப்பது, முக்கியமாக நீதிமன்றத்திலும் விசாரணையிலும் பேசுவது. அதைத்தான் தொழில்சார் சிறப்புரிமை என்கிறோம். அதைவிட அகலமானது இரகசியக் காப்புக் கடமை. அது கோப்பிக்கடையிலும், கோயில் திருவிழாவிலும், வீட்டுச் சமையலறையிலும் உண்டு. ஒருவர் நம் கட்சிக்காரரா என்பதை நீதிமன்றம் சில சமயம் கேட்டு வாங்கலாம், ஆனால் அவருடைய மகன் வந்து கேட்க முடியாது. ஆகவே அம்மாவுக்குப் பதில்: கோர்ட் இல்லைதான், கடமை இருக்கிறது.

காலமான பிறகு என்ன என்றால், தொழில் உறவு முடிந்த பின்பும் கடமை தொடரும் என்று பிரிவு 126-இன் விளக்கக் குறிப்பே சொல்கிறது. கட்சிக்காரர் மறைந்தாலும் தீராது. அந்த உரிமை அவருக்குப் பின் அவருடைய சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பில் இருப்பவரிடம் போகிறது. உயில் இருந்தால், அதை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யும்போது உயிலையும் தாக்கல் செய்ய வேண்டும். அப்போது குடும்பத்துக்குத் தானாகவே தெரியவரும், நம் வாயால் அல்ல. உயில் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடிருந்தால் கணக்கு மாறும். இதெல்லாம் பொதுச் சட்டம், யார் கேட்டாலும் சொல்லலாம். பிறை வாசி ஐயாவின் குடும்பத்துக்கு நேர்ந்தது போல மற்றவர்களுக்கு நேராமலிருக்க வேண்டுமென்றால், உயில் எழுதுபவரிடமே "இது எங்கே இருக்கிறது என்று ஒரு நம்பகமான ஆளிடமாவது சொல்லிவையுங்கள்" என்று வழக்கறிஞர் வலியுறுத்த வேண்டும். நான் எல்லாரிடமும் சொல்கிறேன். கேட்பவர் சிலர்தான்.

தங்கை, ஒருவேளை நீங்கள் ஏதாவது ஓர் உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தால், பின்னாளில் "இருவர் முன்னிலையில் கையெழுத்திட்டாரா" என்று நீதிமன்றம் கேட்கக்கூடும். அதற்குப் பதில் சொல்வது இரகசியத்தை உடைப்பது ஆகாது. அதற்காகத்தான் சாட்சிக் கையெழுத்தே வாங்குகிறோம்.

தப்பான காரியத்துக்கு வருபவர் பற்றி. பிரிவு 126-இலேயே விதிவிலக்கு இருக்கிறது, எடுத்துக்காட்டுகளோடு. "நான் போலிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அது காப்பாற்றப்படும். குற்றம் செய்தவருக்காக வாதாடுவது குற்றமல்ல. "என்னிடம் போலிப் பத்திரம் ஒன்று இருக்கிறது, அதை வைத்து வழக்குப் போட்டு அந்த நிலத்தை வாங்கித் தாருங்கள்" என்றால் காப்பு கிடையாது, ஏனென்றால் இனி செய்யப்போகும் மோசடிக்கு நம்மைக் கருவியாக்கப் பார்க்கிறார். மூன்றாவது எடுத்துக்காட்டு கையாடல் வழக்கு. வழக்கறிஞர் வழக்கை ஏற்றபோது கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு, நடுவில் பார்த்தால் இருக்கிறது. தன் பணிக்காலத்தில் நடந்த அந்தத் தில்லுமுல்லை அவர் கண்ணால் கண்டது காப்புக்குள் வராது. இந்த மூன்றும் 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்திலிருந்து அப்படியே நமக்கு வந்தவை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவற்றைவிடத் தெளிவாக எல்லையைக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைத்ததில்லை.

அரசாங்கம் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. வருமான வரி வாரியம் வழக்கறிஞர்களின் கட்சிக்காரர் கணக்குகளைத் தணிக்கை செய்ய முற்பட்டபோது வழக்கறிஞர் மன்றம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 142(5)-ஐ வாரியம் காட்டியது. 2018-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் பணமோசடித் தடுப்புச் சட்டம் வேறு. 2001-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின்படி, நிலம் வாங்கி விற்பது, கட்சிக்காரர் பணத்தைக் கையாள்வது, கம்பெனி அமைப்பது போன்ற வேலைகளில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையைக் கண்டால் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அறிவிக்கும் கடமை வழக்கறிஞருக்கு உண்டு. அறிவித்ததைக் கட்சிக்காரரிடம் சொல்லிவிடுவதும் குற்றம். இதில் கிராணி செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண்ணில் பட்டதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவைப் பொறுத்தவரை, நாளைக்கே அந்த இருவரையும் நீக்கச் சொல்லுங்கள். பிரிவு 126 பத்திரத்தில் எழுதியிருப்பதை மட்டுமல்ல, பத்திரம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் காக்கிறது. கிழிந்திருந்ததா, அடித்துத் திருத்தப்பட்டிருந்ததா என்பதெல்லாம் அதில் அடங்கும். கைபேசியில் எடுத்த படம் அதைத்தானே காட்டுகிறது?

செந்தூல் அம்மா எழுதியது:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரின் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கே ஓர் எழுத்தர் தமிழில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? அடுத்த வாரமே என் நாத்தனார் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுத்தருக்கும் அவருக்கும் ஒரே கோயில் குழுவில் பழக்கமாம். "பாவம், பிள்ளையைப் பார்க்கத் தவிக்கிறார்கள் என்றார்கள், அதனால் சொன்னேன்" என்று பிறகு என்னிடமே சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்.

அன்று இரவே பிள்ளையோடு வேறு வீட்டுக்கு மாறினேன். அதைவிடப் பெரிய பாதிப்பு என்னவென்றால், அதற்குப் பிறகு எந்த வழக்கறிஞரிடமும் என்னால் முழுதாகப் பேச முடியவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில் பாதியை மறைத்தேன். காயத்தின் படங்கள் என்னிடம் இருந்தும் காட்டவில்லை. அதனால் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்த வழக்கறிஞர் அம்மா பொறுமையாக இருந்து, தன் அலுவலகத்தில் யார் யார் என் கோப்பைத் தொடுவார்கள் என்று ஒவ்வொருவராக எனக்கு அறிமுகம் செய்துவைத்த பிறகுதான் என் வாய் திறந்தது.

மகளே, உன் அண்ணன் முறை கேட்கிறார், அம்மா கேட்கிறார், உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெரியவர் உன்னை உட்கார வைத்துப் பேசினாரே, அவர் என்னைப் போலத்தான். நீ வாயைத் திறக்காமலிருந்ததற்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பிறை வாசி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பத்திரம் எங்கே என்று சொல்லிவைக்க வேண்டியவர் என் சித்தப்பாதான். அவருடைய வழக்கறிஞரின் ஆட்களை நான் குறை சொல்ல முடியாது. ஒன்று கேட்கிறேன்: இப்படிச் செய்தவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடியாதா?

கோலாலம்பூர் வழக்கறிஞர் எழுதியது:

முடியும். எழுத்தர் செய்ததற்கும் வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டிவரும், அவருடைய அலுவலகத்தில் நடந்தது அது. 1976-ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டத்தின் கீழ் ஒழுங்கு வாரியத்தில் எழுத்து மூலம் புகார் செய்யலாம். கண்டனம், அபராதம், ஐந்தாண்டு வரை தொழில் செய்யத் தடை, பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது வரை தண்டனைகள் உண்டு. அம்மா, உங்களுக்கு விருப்பமிருந்தால் இப்போதைய வழக்கறிஞரிடமே கேளுங்கள். இந்த இழையில் அலுவலகத்தின் பெயரையோ தங்கியிருக்கும் இடத்தையோ எழுத வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

செந்தூல் அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத ஓடவில்லை. நம் தொழிலில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தால் வாய் திறப்பது குறைவு. இரக்கப்பட்டுத்தான் திறக்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கெட்டவர்களைவிட இரக்கமுள்ள கிராணிகளை நினைத்து அதிகப் பயம்.

தங்கச்சி, உனக்குக் கடைசியாகச் சில வேலைகள் சொல்கிறேன். நாளைக் காலை வழக்கறிஞரிடம் போய், மூத்த மகன் உன்னிடம் வந்து கேட்டதை நாள், இடத்தோடு எழுதிக் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல். நீ பதில் சொல்லவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் "அந்தப் பெண்தான் சொன்னாள்" என்று யாராவது கிளப்புவார்கள், அப்போது அந்தக் காகிதம் உன்னைக் காக்கும். உறவினர் யாராவது கட்சிக்காரராக வந்தால் இனி மொழிபெயர்க்க வேறு ஆள் கிடைக்குமா என்றும் கேட்டுவை. பெரியவர் சம்மதித்தார் என்பதால் இந்த முறை சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் உன் தலையில் இந்தச் சுமை வேண்டாம். அண்ணன் மறுபடி வந்தால் அலுவலகத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வழக்கறிஞரிடமே கேட்கச் சொல். அவரும் சொல்ல மாட்டார், ஆனால் "சொல்ல முடியாது" என்பதை உறவு இல்லாத ஒருவர் வாயால் கேட்பது அந்த அண்ணனுக்கும் எளிது.

நகல் எடுக்கும் கடையில் கண்ணாடியின் மேல் மூலப் பத்திரத்தை மறந்துவிட்டு வராதே. கோப்பைக் கையில் எடுத்துப் போகும்போது பெயர் எழுதிய பக்கத்தை உடம்போடு ஒட்டிப் பிடி. பட்டர்வொர்த் படகில் நின்றுகொண்டு கைபேசியில் கோப்பைப் பற்றிப் பேசாதே. அந்தப் படகில் உனக்குத் தெரியாதவன் உன் கட்சிக்காரருக்குத் தெரிந்தவனாக இருப்பான்.

ஜார்ஜ்டவுன் கிராணி எழுதியது:

ஐயா, எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கறிஞர் படித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அந்த இருவரும் நீக்கப்பட்டார்கள். இனிப் பத்திரங்களைக் குழுவில் போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பிரிவு 126, 127 இரண்டையும் நானே தமிழில் எழுதி, வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்து, தமிழ்க் கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒட்ட அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் நேற்று வந்தார். "ஆபீஸ் காரியத்தை நான் வெளியில் பேசுவதில்லை அண்ணா" என்று சொல்லி எண்ணைக் கொடுத்தேன். முகம் சுருங்கியது, ஆனால் வாங்கிக்கொண்டார். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. செந்தூல் அம்மா எழுதியதை மட்டும் இன்று இரவு அவருக்குப் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன், அந்த அம்மா அனுமதித்தால்.

செந்தூல் அம்மா எழுதியது:

படித்துக் காட்டு மகளே.